அடுப்படியில் நீ படித்த எண்கள்

அம்மா,

உன் வருஷப் படையலுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கியபோது, பித்தளை அண்டாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. மூடியைத் திறந்ததும் சீவிய பென்சில் வாசனை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா என்று மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அதேதான். உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன கலர் பென்சில்கள் ஐந்தாறு. ஒவ்வொன்றின் அடியிலும் பிளேடால் போட்ட வெட்டு. ஒரு வெட்டு என்றால் சிவப்பு, இரண்டு வெட்டு என்றால் பச்சை, மூன்று வெட்டு என்றால் காப்பிக்கொட்டை நிறம். தறியில் இழை அறுக்க நைனா வைத்திருந்த பிளேடை எடுத்து நீ போட்டவை.

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "அத அப்புறமா பாத்துக்கலாம், மொதல்ல அண்டாவ வெளிய எடுங்க" என்றாள் உன் மருமகள். அண்டாவை எடுத்து வெளியே வைத்தேன். டப்பாவை மட்டும் கொடுக்கவில்லை. படையல் முடிந்து பத்து நாள் ஆகிறது. டப்பா இப்போது என் மேசை மேல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது போலிருக்கிறது.

எங்கிருந்து தொடங்க? மிளகாய்ச் செடியிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விட்டு வந்ததும் தறிப் பக்கம் உட்கார்ந்து நைனாவுக்குத் தார் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பட்டிழை சுற்றிய அந்தச் சின்னக் குச்சிகள் கூடை நிறைய கிடக்கும். கேட்ட நிறத்தை எடுத்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அன்று அரக்கு கேட்டார். கொடுத்தேன். இழை ஓட்டும் நாடா நாலு தடவை போய் வரவில்லை, முதுகில் ஒன்று விழுந்தது. நான் கொடுத்தது பாட்டில் பச்சை. "கவனம் எங்கடா கீது உனக்கு?" என்றார். இது முதல் தடவையும் இல்லை. கவனம் இல்லாதவன் என்பது அதற்குள் வீட்டில் எனக்கு இன்னொரு பெயராகவே ஆகியிருந்தது. நானும் அதை நம்பிவிட்டேன்.

நீ நம்பவில்லை. மறுநாள் காலை என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், மிளகாய்ச் செடி முன்னால் நிறுத்தினாய். "எத்தினி பழம் பழுத்துக்கீது, எண்ணிச் சொல்லு." நான் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். "ஒன்னுகூடப் பழுக்கலியேம்மா." செடி முழுக்கப் பழமாக இருந்ததைப் பிற்பாடு நீதான் சொன்னாய். அன்று என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாய். அன்றிலிருந்து தார்க் குச்சிகளின் முனையில் முடிச்சு வந்துவிட்டது. ஒரு முடிச்சு அரக்கு, இரண்டு முடிச்சு பச்சை. நைனாவுக்கு அந்த முடிச்சு கண்ணிலேயே படவில்லை. என் கவனம் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

உன் கண் அப்படிப்பட்ட கண். தெருவில் யார் வீட்டில் இழை தீர்ந்தாலும் ஒரு துணுக்கைக் கிள்ளிக்கொண்டு உன்னிடம்தான் ஓடி வருவார்கள். சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். "வெங்காயத் தோல் கலர்லயே ரெண்டு கீது. இது புது வெங்காயம். நீ வாங்கிக்கினு வந்தது பழைய வெங்காயம். சேராது, போய் மாத்திக்கினு வா" என்பாய். மாற்றி வந்து வைத்துப் பார்த்தால் இழை எங்கே தொடங்கியது என்றே தெரியாது. எட்டாவதோடு படிப்பு நின்றுபோன உனக்கு ஊர் கொடுத்திருந்த பட்டம் அது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது நீ கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாய். எனக்கு அந்த நிமிர்வு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிறகு நான் பதினோராம் வகுப்புக்கு உத்திரமேரூர் போனேன். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். திருப்புலிவனம் வழியாக வரும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், தொங்கிக்கொண்டு வருவேன். முதல் மாசமே ரெக்கார்டு நோட்டு வந்து சேர்ந்தது. கோடு போட்ட பக்கத்தில் செய்முறை, வெள்ளைப் பக்கத்தில் படம். எங்கள் தாவரவியல் டீச்சர் மற்ற விஷயங்களில் தங்கமானவர், கலர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. தண்ணீர் ஏறுகிற சைலத்துக்குச் சிவப்பு, உணவு இறங்குகிற ஃப்ளோயத்துக்குப் பச்சை, அதில் பேச்சே கிடையாது. சாயம் ஏற்றிய தண்டுச் சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "செவப்பா ஒரு வளையம் தெரியுதா?" என்பார். எல்லோரும் தெரிகிறது என்பார்கள். நானும் தெரிகிறது என்பேன். எனக்குத் தெரிந்தது கலங்கல் தண்ணீர் மாதிரி ஒரே நிறம்.

முதல் படம் செம்பருத்தி. நோட்டைத் திறந்த டீச்சர் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். "இன்னாடா இது, செங்கல் சூளையில வெச்ச செம்பருத்தியா?" பூவுக்கு என்ன நிறம் அடித்தேன் என்று கேட்காதே. அறுபது பேர் சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்திருக்கிறேன் என்று நினைத்து மறுபடி வரையச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டை மூலையில் எறிந்தேன். நீ எடுத்துப் பிரித்தாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குடு இப்பிடி பென்சில" என்றாய். அன்றுதான் அந்த வெட்டுகளைப் போட்டாய். ஆனால் வெட்டு போட்டுக் கொடுத்ததோடு நிற்கவில்லை. நான் கோட்டுப்படம் வரைந்து தருவேன், தார் சுற்றி முடித்துவிட்டு நீ உட்கார்ந்து கலர் அடிப்பாய். இரண்டு வருஷம்.

"இது இன்னாடா வட்டமா?"

"தண்டோட குறுக்கு வெட்டும்மா."

"செவப்பு எதுக்கு?"

"அது தண்ணி மேல போற வழி. பச்சை, சாப்பாடு கீழ போற வழி."

"தண்ணிக்குச் செவப்பா? எவனோ வேலையத்தவன் மாத்தி வெச்சிக்கீறான்" என்று சொல்லிவிட்டு, மாற்றாமல் அடித்தாய். ஒரே திசையில், அழுத்தம் மாறாமல், கோட்டைத் தாண்டாமல். ஒரு நாள் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே விரலில் நாரைச் சுற்றி எடுத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். "இந்த நாருதானே உன் சைலம்?" ஆமாம் என்றேன். "இதுல வட்டமா இல்லியே, அங்கங்க செதறிக் கீதே?" என்றாய். ஒருவித்திலைத் தாவரத்துக்கும் இருவித்திலைத் தாவரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மனப்பாடம் செய்தும் பரீட்சையில் கோட்டை விட்டார்கள். நீ அரிவாள்மனையில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்தாய். அந்த வருஷக் கடைசியில் டீச்சர் என் ரெக்கார்டில் 'வெரி குட்' போட்டார். காட்டினேன். "யாரு வாங்கினது?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

அந்தச் சிரிப்பைக் கெடுத்தவன் நான்தான். அதற்குத்தான் வருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. விலங்கியல் சார் ஆய்வகத்திலிருந்து ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் முழுக்கக் கலர் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். ஒவ்வொருவராக எழுந்து படிக்க வேண்டும். என் முறை வந்தது. முதல் பக்கம் பன்னிரண்டு என்றேன், சரி. அதை எல்லோராலும் படிக்க முடியுமாம். அடுத்தது மூன்று என்றேன். வகுப்பு சிரித்தது, அது எட்டு. அடுத்ததை எழுபது என்றேன், அது இருபத்தொன்பது. அதற்கப்புறம், "இதுல நம்பரே இல்லியே சார்" என்றேன். "சிரிக்காதீங்கடா" என்று அவர் ஓர் அதட்டல் போட்டதும் அடங்கினார்கள். கரும்பலகையில் வட்டமும் சதுரமும் போட்டு விளக்கினார். வட்டம் பெண், சதுரம் ஆண். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது காப்பாற்றிவிடும், அவள் கண்ணுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆணுக்கு ஒரே எக்ஸ், அது அம்மாவிடமிருந்து வருவது. அதில் குறை இருந்தால் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பிவிடும்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா அம்மா? சந்தோஷமாக இருந்தது. எனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள், நான் கவனம் கெட்டவன் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் ஓடி வந்தேன்.

வீட்டில் நைனாவின் அக்கா, பெரிய அத்தை, வந்திருந்தார். நைனா தறியில் இருந்தார். நீ மூலையில் ராட்டையோடு உட்கார்ந்திருந்தாய். பையைக்கூட இறக்காமல் ஆரம்பித்தேன். "நைனா, எனக்குக் கவனம் இல்லாம இல்ல. எனக்குச் செவப்பு பச்சை தெரியல. இதுக்குப் பேரு நிறக்குருடு. புஸ்தகத்துலயே போட்டுக்கீது."

நைனா நாடாவை நிறுத்தினார். என்னையே பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எங்கேர்ந்துடா வந்துச்சு?"

எனக்கு விடை தெரிந்த கேள்வி. ஐந்து மதிப்பெண் கேள்வி. எங்கேயிருந்தோ வந்தது என்று சொல்லியிருக்கலாம், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முந்திரிக்கொட்டை மாதிரி, "அம்மாகிட்டேர்ந்து" என்றேன். அதோடு விட்டேனா? காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டேன். சதுரம் நைனா. வட்டம் நீ. உன் வட்டத்தில் பாதியைப் பேனாவால் கறுப்பாக்கி அவரிடம் நீட்டினேன். முழு மதிப்பெண் வாங்குகிற படம்.

"அப்போ இவ கண்ணும் கோளாறுதானே?" என்றார் அத்தை.

"இல்லத்த. அம்மாக்கு எல்லாக் கலரும் நல்லாத் தெரியும். அம்மா குடுக்க மட்டும்தான் செய்யும்."

"தன்கிட்ட இல்லாதத ஒருத்தி எப்பிடிடா குடுப்பா?"

அத்தை கேட்டதில் பொல்லாப்பு இல்லை. யாருக்கும் தோன்றுகிற நியாயம்தான். நான் எக்ஸ் என்றேன், இரண்டு என்றேன், ஒன்று மற்றதைக் காப்பாற்றும் என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. நைனா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் உன் ராட்டை நின்றிருந்தது.

ஒரு வாரம்தான். "இனிமே கலர் பாக்குற வேல உனக்கு வேணாம். ஏதாவது மாறிப்போச்சின்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?" என்று நைனா சொல்லிவிட்டார். முதலாளி நெய்யக் கொடுக்கும் பட்டிழையைக் கலர் பிரிக்கிற வேலை எதிர்வீட்டுக்குப் போயிற்று. அத்தை ஊருக்குப் போகிற வழியில் யார் யாரிடம் சொன்னாரோ, துணுக்கு எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். ஒரு அக்கா பழக்கதோஷத்தில் வாசல் வரை வந்துவிட்டு, "அப்புறம் வர்றேங்க்கா" என்று திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அவள் கையில் இழை இருந்தது. நீயும் பார்த்தாய். சன்னல் பக்கம் இருந்த ராட்டையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாய். தார் சுற்ற எதற்கு வெளிச்சம்?

என்னால் தாங்க முடியவில்லை. என் வாயால் போனதை நானே மீட்டுத் தருகிறேன் என்று கிளம்பினேன். விலங்கியல் சாரிடம் கெஞ்சி, அந்தப் புள்ளிப் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வந்தேன். நைனாவை உட்கார வைத்து, உன்னைக் கூப்பிட்டு, "படிம்மா, உன் கண்ணு எப்பிடிக் கீதுன்னு நைனாவே பாக்கட்டும்" என்றேன். நைனாவும் பார்க்கத் தயாராகத்தான் இருந்தார். முன்னால் சாய்ந்துகூட உட்கார்ந்தார். நீ புத்தகத்தைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "என் கண்ணுக்கு நீ பரீட்ச வெக்கிறியா? எனக்கு வேல கீது" என்று எழுந்து போய்விட்டாய். "பாத்தியா, அவளுக்கே தெரியும்" என்றார் நைனா. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பாவு நூல் வாங்க முதலாளி வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அடுப்படிக்கு வந்து நின்றேன். நீ கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாய். அடுப்பைத் தணித்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "குடு அத்த" என்று புத்தகத்தை வாங்கினாய். நின்றபடியே பக்கத்தைத் தள்ளினாய். "பன்னெண்டு. எட்டு. இருபத்தொம்போது. அஞ்சு. மூணு. பதினஞ்சு..." பஸ் நம்பர் படிக்கிற மாதிரி ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்கு வெறும் புள்ளியாகத் தெரிந்த பக்கங்களில் இத்தனை எண்கள் இருந்தன என்பதையே அன்றுதான் கேட்கிறேன்.

பிறகு ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாய். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இதுல ஒன்னும் இல்லியே?"

எட்டிப் பார்த்தேன். "அஞ்சு கீதும்மா. பளிச்சினு தெரியுதே."

எங்கள் மாதிரிக் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பக்கங்கள் இரண்டு மூன்று அந்தப் புத்தகத்தில் உண்டு என்று சார் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் உன் முகம் மலர்ந்ததே! "எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா? எங்க, எங்க, கைய வெச்சிக் காட்டு!" நான் விரலால் அந்த ஐந்தை எழுதிக் காட்டினேன். நீ என் விரல் பின்னாலேயே உன் விரலைக் கொண்டுபோனாய். நாம் இரண்டு பேரும் சிரித்ததில் கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

"அப்போ நைனா முன்னாடி ஏம்மா படிக்கல?"

உன் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல இறங்கியது. "படிச்சா இன்னா ஆவும்? எனக்கு ஒன்னும் இல்லன்னு ஆவும். அப்புறம் கொற உன்கிட்ட மட்டும்தான் கீதுன்னு ஆயிடும். உங்க நைனா கோவத்துக்கு யாராவது ஒருத்தர் வேணும். அது எம்மேல இருந்துட்டுப் போவட்டும். பரீட்ச வருது. நீ தனியா நிக்காத."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்தப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினாய். கண் பரிசோதனைப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பிறகு அடிப்பிடித்ததைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே கேட்டாய். "அது சரி, எனக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்க அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கலாம். இல்லாட்டி உங்க நைனாகிட்டேர்ந்து. அவருக்கும் இருந்திருந்தா உனக்குக் கட்டாயம் வந்திருக்கும்."

கரண்டி நின்றது. "எங்க நைனா தறியில ஒக்காந்தா என்ன எழுந்திரிக்கவே வுடமாட்டாரு. வெளாடப் போறேன்னாலும் வுடமாட்டாரு. நீதான் தார் எடுத்துக் குடுக்கணும், வேற யாரு குடுத்தாலும் எனக்கு ஆவாது, அப்பிடின்னுவாரு. எம்மேல அத்தினி ஆசைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." மறுபடி சுரண்டத் தொடங்கினாய். "ஆசையும்தான் இருந்திருக்கும், இல்ல?"

ஆமாம் என்றேன். பதினேழு வயதில் நான் சரியாகச் சொன்ன விடை அது ஒன்றுதான்.

பரீட்சை முடிந்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் என் ரெக்கார்டைப் புரட்டி, "கலர் பிரமாதம், நீயே போட்டதா?" என்றார். ஆமாம் சார் என்று கூசாமல் சொன்னேன். வீட்டில் சொன்னபோது நீ சந்தோஷப்பட்டாய். ஆனால் 'யாரு வாங்கினது' என்று கேட்கவில்லை.

டாக்டர் எல்லாம் ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் கல்லூரி, பி.எட்., அப்புறம் அரசுப் பள்ளியில் விலங்கியல் வாத்தியார். வருஷா வருஷம் அதே பாடம் நடத்துகிறேன். அந்த வட்டத்தில் பாதியைச் சாக்பீஸால் நிரப்பும்போது கை கொஞ்சம் தயங்கும். ஒரு வருஷம் ஒரு மாணவி கேட்டாள்: "அந்த அம்மாவுக்குத் தெரியுமா சார், தாம் புள்ளைக்குக் குடுக்கிறோம்னு?" தெரியாது என்றேன். அடுத்த கேள்வி வருவதற்குள் கரும்பலகையை அழித்துவிட்டேன்.

பரீட்சை வருகிறது என்றுதானே சொன்னாய், அது முடிந்தபிறகும் ஏன் நான் வாயைத் திறக்கவில்லை? சத்தியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. எனக்கு வசதியாக இருந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு நைனா என்னைக் கவனம் கெட்டவன் என்று ஒரு தடவைகூடத் திட்டவில்லை. ஏதாவது ஆத்திரம் வந்தால், "உங்க வூட்டு வழி" என்று உன் பக்கம் திரும்பிவிடுவார். நீ காதில் விழாத மாதிரி நடப்பாய். நான் நிஜமாகவே காதில் விழாத மாதிரி பழகிக்கொண்டேன். அவ்வளவு கண் இருந்தும், ஒரு புடவைக் கடையில் உன்னை யாரும் 'இது நல்லாருக்கா' என்று கேட்டதில்லை. நான்கூடக் கேட்டதில்லை, எல்லோர் முன்னாலும்.

போன வருஷம் மாசியில் காய்ச்சல் என்று படுத்தாய். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரிக்கு ஒரு மாத்திரை, இரண்டும் எனக்கு ஒரே நிறம். மூன்றாம் நாள் பார்க்கிறேன், ராத்திரி மாத்திரை அட்டையின் மூலையில் ஓட்டை போட்டு ஒரு நூல் கட்டியிருக்கிறது. எழுந்து உட்கார முடியாதவள் எப்போது கட்டினாய்? "மாத்திக் குடுத்துடாதடா வாத்தியாரே" என்றாய். ஒன்பதாம் நாள் போய்விட்டாய். அந்த நூலை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. தெருவில் போகும்போது ஏதாவது ஒரு நிறத்தில் சந்தேகம் வந்தால், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இன்னும் தோன்றிவிடுகிறது. அப்புறம்தான் நினைவு வருகிறது. ஒரு நாளில் எத்தனை தடவை இப்படி ஏமாறுவது சொல்.

இப்போது படையலன்று நடந்ததைச் சொல்கிறேன்.

இலை போட்டாகிவிட்டது. உன் மருமகள் இரண்டு புடவை வாங்கி வந்திருந்தாள். ஒன்று படையலில் வைக்க, ஒன்று பெரிய அத்தைக்கு. எதை உனக்கு வைப்பது என்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நைனா சுவர் ஓரமாக நாற்காலியில் இருந்தார். பெரிய அத்தைக்கு இப்போது நடை தள்ளாடுகிறது, கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "எத வெச்சா இன்னாம்மா? பாவம், அவளுக்குக் கலர் எங்க தெரிஞ்சிது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன்மேல் பிரியமாகத்தான் சொன்னார்.

அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தத் தெருவில் இனி உன்னைப் பற்றி மிஞ்சப் போவது இந்த ஒரு வரிதான் என்று தெரிந்துபோயிற்று.

சத்தியத்தை உடைத்துவிட்டேன் அம்மா. எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அத்த, அம்மா கண்ணுல ஒரு கொறையும் இல்ல. அந்தப் புஸ்தகத்துல இருந்த அத்தன நம்பரையும் அடுப்படியில நின்னுக்கினு எனக்குப் படிச்சிக் காட்டிச்சி. நைனா முன்னாடி வேணும்னுதான் படிக்கல. எனக்காகத்தான் படிக்கல." நாற்பது வயது தாண்டிய வாத்தியார் படையல் இலை முன்னால் நின்று தேம்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

நைனாதான் முதலில் வாயைத் திறந்தார். "அவ ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். இலையைப் பார்த்துக்கொண்டே அவரே, "நான் எங்க கேட்டேன்" என்றார்.

உன் பேத்தி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அதே குரூப். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. "அப்போ எனக்கும் கீதாப்பா? எங்கேர்ந்து வந்துச்சு?"

அதே கேள்வி. அதே வீடு. நைனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்டேர்ந்தும்மா. நான்தான் குடுத்தேன்" என்றேன். "உன் கண்ணுக்கு ஒன்னும் இல்ல. ஆயா கண்ணு மாதிரிதான் உன் கண்ணும்."

நைனா நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். உன் மருமகளிடமிருந்து இரண்டு புடவையையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பேத்தியைக் கூப்பிட்டார்.

"நீ வா கண்ணு. எது சரியா வரும்னு நீ பாத்துச் சொல்லு."

அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை. ஒன்றைக் கொண்டுவந்து உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். "இதுதான் தாத்தா" என்றாள். நைனா தலையை ஆட்டினார். அத்தையும் ஆட்டினார்.

என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. அவளிடமும் கேட்கவில்லை. நீ சொல்வாய் என்று நின்றுகொண்டிருந்தேன்.